சமாதானத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?

செங்கற்பட்டு ஜில்லாவில் கடலையொட்டி இருக்கும் திருவிடந்தை, கல்யாணத்திற்குப் பெயர் போன ஊர். அங்கே எழுந்தருளியிருக்கும் வராகமூர்த்திக்கு நித்திய கல்யாணப் பெருமாள் என்பது திருநாமம். நாள்தோறும் ஒரு கன்னிகையை மணந்தார் என்பது தல வரலாறு. மணமாகாதவர்கள் மாலையும் கையுமாகப் பிராகாரத்தை வலம் வருவதை இன்றும் காணலாம். இத்தகைய ஊரின் கடற்கரையில், 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ந் தேதி முதல் 14-ந் தேதி வரை, மத்திய சர்க்காரின் பாதுகாப்பு இலாகா ராணுவத் தளவாடக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. யுத்தம் செய்வதற்கு வேண்டிய சாதனங்கள் பலவும் ஒரே மைதானத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டன. பல தேசத்து வியாபாரிகளும் வந்து பார்த்தனர்.

யுத்தத்தை நிறுத்துவதற்கு வேண்டிய சாதனத்தை எந்தக் கண்காட்சியிலும் வைப்பதில்லை. அப்படி ஒன்று இருக்குமானால், அது பொருளாதாரத் தடையே என்று ராஜதந்திரிகள் கூறுகிறார்கள். சண்டை போடும் தேசத்திற்குச் சரக்கு விற்பதில்லை, அதனிடம் வாங்குவதில்லை, கடன் கொடுப்பதில்லை, அதன் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறப்பதில்லை. ரத்தம் சிந்தாமல் ரத்தம் சிந்துவதை நிறுத்தலாம் என்பது இவர்கள் தரும் வாக்குறுதி. இது எவ்வளவு தூரம் மெய்? மெய்யாகும்போது, அதற்கான நஷ்டத்தைச் செலுத்துபவர் யார்? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவிடந்தைக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் கோவளம் இருக்கிறது. தெற்கே மாமல்லபுரத்தைத் தாண்டினால் சதுரங்கப்பட்டணம் இருக்கிறது. இரண்டும் இவ்விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்ல வல்லவை.

கோவளத்தில் நின்ற வியாபாரம்

இன்று பெல்ஜியம் என வழங்கும் நாடு முன்னூறு வருஷங்களுக்கு முன் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஆறாம் சார்லஸின் ஆளுகையில் இருந்தது. அதன் துறைமுகமாகிய ஆஸ்டெண்டின் பெயரால் ஒரு கம்பெனிக்கு அவர் 1722-ம் வருஷம் டிசம்பரில் சாஸனம் வழங்கினார். சோழமண்டலக் கரையில் அக்கம்பெனியின் பண்டகசாலை நம் கோவளத்தில் இருந்தது. இக்கரையின் நூல் துணிகளும், வங்கத்துச் சரக்கும், சீனத்துத் தேயிலையும் ஆஸ்டெண்டில் வந்து இறங்கின. புதிய கம்பெனி செழித்தது. அச்செழிப்பைக் கண்டு ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் அடைந்த மனக்கொதிப்புக்கு எல்லையில்லை.

1727-ல் ஐரோப்பா முழுவதும் பெரும் யுத்தத்தின் விளிம்பில் நின்றது. இங்கிலாந்தும் ஸ்பெயினும் ஜிப்ரால்டரில் சண்டையே தொடங்கிவிட்டன. அதைத் தடுக்க அவ்வருஷம் மே 31-ந் தேதி பாரீஸில் ஓர் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன் முக்கிய ஷரத்து யாது? ஆஸ்டெண்டு கம்பெனியின் வியாபாரத்தை ஏழு வருஷங்களுக்கு நிறுத்தி வைப்பது என்பதே. ஏழு வருஷம் முடியுமுன்பே, 1731-ல் வியன்னாவில் ஏற்பட்ட உடன்படிக்கையால் கம்பெனி அடியோடு கலைக்கப்பட்டது. அதற்குப் பிரதியாகச் சக்கரவர்த்திக்குக் கிடைத்தது, தமக்குப் பின் தம் மகள் மரியா தெரஸா பட்டத்துக்கு வருவதை இங்கிலாந்து ஒப்புக்கொண்ட வாக்குறுதி.

இந்தப் பேரத்தில் சக்கரவர்த்தி ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெற்றார். ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் ஒன்றும் கொடாமலே ஒரு போட்டியாளனை ஒழித்துக்கொண்டார்கள். இக்கரையில் துணி நெய்தவனோ, தான் கண்டும் கேட்டுமிராத ஜிப்ரால்டருக்காகவும் வியன்னாவுக்காகவும் ஒரு வாடிக்கைக்காரனை இழந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சமாதானமாவது நிலைத்ததா? 1740-ல் சக்கரவர்த்தி காலமானார். அவ்வருஷமே பிரஷ்யா அவர் மகளின் ராஜ்யத்தில் படையை நுழைத்தது. அந்த யுத்தம் பரவிப் பரவி நம் கரைக்கே வந்தது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். கோவளத்தின் வியாபாரத்தை விற்று வாங்கிய சமாதானம், இருபது வருஷத்திற்குள் கோவளத்தின் வாசலிலேயே பீரங்கியாக வந்து நின்றது. சமாதானத்தின் பெயரைச் சொல்லிப் போட்டி வியாபாரியை ஒழிக்கும் தடை சமாதானத்தைத் தராது என்பது முதற் பாடம்.

சதுரங்கப்பட்டணமும் ஜாவாவும்

இனித் தெற்கே செல்வோம். சதுரங்கப்பட்டணத்தில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டையின் மதில்களும் அவர்களுடைய கல்லறைகளும் இன்றும் நிற்கின்றன. இக்கரையின் துணிகளை ஏற்றிக்கொண்டு போய், ஜாவாவிலும் மொலுக்காஸ் தீவுகளிலும் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவதே அவர்கள் நடத்திய வியாபாரத்தின் சூக்ஷுமம். 1824-ம் வருஷத்து உடன்படிக்கையால் இந்தியாவில் தங்களுக்கிருந்த இடங்களை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டு, கீழ்க்கடல் தீவுகளோடு அவர்கள் நின்றுகொண்டார்கள். நம் கரையை விட்டுப் போக மனம் வந்தவர்களுக்கு ஜாவாவை விட்டுப் போக மட்டும் மனம் வரவில்லை.

1945 ஆகஸ்டு 17-ந் தேதி சுகர்ணோவும் ஹட்டாவும் இந்தோனேஷியா சுதந்திர நாடு என்று பிரகடனம் செய்தார்கள். ஒல்லாந்தர் படையுடன் திரும்பி வந்தார்கள். அப்போது அவர்களுக்கு முதல் தடை விதித்தது எந்த சர்க்காருமன்று; கூலிக்கு மூட்டை சுமக்கும் ஜனங்களே. 1945 செப்டம்பர் முதல் ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளிகள், ஜாவாவுக்குத் தளவாடம் கொண்டுபோகும் ஒல்லாந்தக் கப்பல்களில் சரக்கேற்ற மறுத்தார்கள். சிட்னியில் இந்திய மாலுமிகள் பலரும் வேலையை உதறிவிட்டுக் கப்பலிலிருந்து இறங்கினார்கள். கூலி போனாலும் போகட்டும், அண்டை நாட்டானைச் சுடும் துப்பாக்கியை ஏற்றிச் செல்ல மாட்டோம் என்பது அவர்கள் கொண்ட உறுதி. தேசம் இன்னும் விடுதலை பெறாத காலத்தில் நம் மாலுமிகள் செய்த இந்தக் காரியம் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்கது.

1947 ஜூலையில் ஒல்லாந்தர் முதல் தாக்குதலைத் தொடங்கினர். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் விஷயத்தைப் பாதுகாப்புக் கவுன்சிலுக்குக் கொண்டு சென்றன. 1948 டிசம்பர் 19-ந் தேதி இரண்டாவது தாக்குதல் நடந்தது. தலைநகராயிருந்த ஜோக்ஜகர்த்தா விழுந்தது. சுகர்ணோவும் ஹட்டாவும் சிறைப்பட்டனர். உடனே நேருவின் சர்க்கார் ஒல்லாந்த விமானங்கள் இந்திய ஆகாயத்தில் பறப்பதைத் தடுத்தது. படையும் தளவாடமும் கொண்டுபோகும் ஒல்லாந்தக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் இலங்கை தன் துறைமுகங்களையும் விமான நிலையங்களையும் மூடியது. 1949 ஜனவரி 20-ந் தேதி முதல் 23-ந் தேதி வரை டில்லியில் ஆசிய நாடுகளின் மகாநாடு கூடியது. அதே மாதம் 28-ந் தேதி பாதுகாப்புக் கவுன்சில், கைதிகளை விடுவித்து ஆட்சியை மாற்றிக் கொடுக்கும்படி தீர்மானம் செய்தது.

தீர்மானத்திற்கு வலுக் கொடுத்தது பணம். யுத்தத்தால் சீர்குலைந்த ஹாலந்து அப்பொழுது அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியால் பிழைத்து வந்தது. இரண்டாவது தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே, இந்தோனேஷியாவின் பெயரால் ஒதுக்கிய பகுதியை அமெரிக்கா நிறுத்தியது. ஹாலந்துக்கே கொடுக்கும் உதவியையும் நிறுத்த வேண்டுமென்று அமெரிக்க செனட்டில் குரல் எழுந்தது. 1949 மே 7-ந் தேதி ஒல்லாந்தர் இறங்கி வந்தார்கள். டிசம்பர் 27-ந் தேதி ஆட்சி கைமாறியது. காடு மலைகளில் மறைந்து நின்று போராடிய இந்தோனேஷிய வீரர்கள் இல்லாவிட்டால் எந்தத் தடையும் பலித்திராது என்பதையும் மறக்கலாகாது. ஆனால் அவர்களுடைய வீரத்துக்கு முன்னால் யுத்தச் செலவுக்குப் பணம் இல்லை என்ற நிலை வந்தபோதுதான் ஹாலந்து கணக்கைப் பார்த்தது.

இந்த வெற்றியிலும் ஒரு கசப்பு உண்டு. சுதந்திரம் பெற்ற இந்தோனேஷியாவின் தலையில் 430 கோடி கில்டர் கடனைச் சுமத்திவிட்டே ஒல்லாந்தர் போனார்கள். அடிபட்டவனிடமே அடித்த தடிக்கும் விலை கேட்டது போலாயிற்று. சமாதானத்தின் விலையை யார் செலுத்துவது என்ற கேள்வி, நல்ல தடையிலும் நம்மை விடுவதில்லை.

டிக்ரியும் ஜப்தியும்

நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் விளங்கும். பொருளாதாரத் தடை என்பது தேசங்களுக்கிடையே நடக்கும் ஜப்தி. ஜப்தி செல்லுபடியாக நான்கு விதிகள் உண்டு. ஜப்தியாவது கடனாளியின் சொத்தாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரன் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகக்கூடாது. தொகை இவ்வளவு என்று டிக்ரியில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தொகையைச் செலுத்தினால் ஜப்தி உடனே நீங்க வேண்டும். நான்காவதாக, வழக்கிடுபவன் தன் கையிலிருந்து கோர்ட்டுக் கட்டணம் கட்டியாக வேண்டும். ஜாவா விஷயத்தில் இந்த நான்கும் பொருந்தியிருந்தன. நிறுத்தப்பட்டது யுத்தம் செய்தவனின் பணம். கேட்டது இன்னது என்பது உலகறியத் தீர்மானமாக இருந்தது. இணங்கியவுடன் நெருக்கடி நீங்கியது. ஆஸ்திரேலியத் தொழிலாளியும் இந்திய மாலுமியும் தங்கள் கூலியையே கட்டணமாகச் செலுத்தினார்கள்.

இவ்விதிகளுள் ஒன்று தவறினாலும் காரியம் கெடும். 1935 அக்டோபரில் முஸோலினி அபிஸீனியாவின் மீது படையெடுத்தபோது சர்வதேச சங்கம் நவம்பர் 18-ந் தேதி முதல் இத்தாலிக்குத் தடை விதித்தது. பல சாமான்களுக்குத் தடை உண்டு. லாரிக்கும் விமானத்துக்கும் உயிரான எண்ணெய்க்கு மட்டும் தடை இல்லை! இத்தாலியத் துருப்புகள் ஏறிய கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகத் தடையின்றிச் சென்றன. விதித்தவர்கள் தங்களுக்கு நஷ்டம் வரக்கூடிய இடத்தில் கையை இழுத்துக்கொண்டார்கள். 1936 மே மாதத்தில் அடிஸ் அபாபா விழுந்தது. ஜூலையில் தடையும் நீங்கியது. கட்டணம் கட்டாத வழக்கு தள்ளுபடியாயிற்று.

கடலுக்கு அக்கரையில் நம் சகோதரர்கள் பட்ட பாடு இதைவிடக் கொடிது. 1990 முதல் இலங்கை சர்க்கார் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை விதித்தது. பெட்ரோலும், மின்கலமும், சிமெண்டும், உரமும் தடுக்கப்பட்டன. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ஜனங்கள் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். குப்பி விளக்கில் பிள்ளைகள் பாடம் படித்தார்கள். துப்பாக்கி பிடித்தவனைப் பணிய வைப்பதற்கென்று சொல்லி, அடுப்பு மூட்டுபவளைத் தண்டித்த தடை அது. யுத்தம் அதனால் ஒரு நாளேனும் முன்னதாக முடிந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. 2002 ஜனவரியில் தடையை நீக்கிய பிறகே பிப்ரவரி 22-ந் தேதி சண்டை நிறுத்த ஒப்பந்தம் கையொப்பமாயிற்று. அந்த ஒப்பந்தம் நீடிக்கவில்லை என்பது வேறு துக்கம். ஆனால் பேச்சுக்கு வழி திறந்தது தடையை விதித்தபோது அன்று, நீக்கியபோது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரன் மாடு

2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யா உக்ரேனின் மீது படையெடுத்தது. படையெடுப்பு தவறு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பிறர் மண்ணில் பலாத்காரமாக நுழைவதை அடிமைப்பட்டிருந்த தேசம் எதுவும் ஆதரிக்க இயலாது. அந்த யுத்தத்தை முடிக்க ருஷ்யாவை நெருக்க வேண்டுமென்று கூறி, அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 2025 ஆகஸ்டு 6-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தார். ருஷ்ய எண்ணெயை வாங்குவதற்காக, இந்தியச் சரக்குகளின் மீது ஏற்கெனவே இருந்த நூற்றுக்கு 25 வீத வரியுடன் மேலும் 25 வீதம் விதிக்கப்பட்டது. ஆகஸ்டு 27-ந் தேதி முதல் 50 வீதமாயிற்று. இத்தகைய வரிகள் ஏறும், இறங்கும். அது பேரம் பேசுபவர்கள் விஷயம். நாம் பார்க்க வேண்டியது அதிலுள்ள நியாயத்தை.

மேற்சொன்ன நான்கு விதிகளை வைத்துப் பாருங்கள். யுத்தம் செய்தது ருஷ்யா. வரி செலுத்த நேர்ந்தது திருப்பூர். குற்றமாகச் சொல்லப்பட்டது எண்ணெய். ஆனால் பெட்ரோலியச் சரக்குகள் அந்த வரியிலிருந்து விலக்குப் பெற்றன. பனியனும், தோலும், இறாலும் அகப்பட்டுக்கொண்டன! நம்மைவிட அதிகமாக ருஷ்ய எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு இக்குற்றத்திற்காக அப்போது இவ்வரி இல்லை. ருஷ்யாவின் மிகப் பெரிய எண்ணெய்க் கம்பெனிகளான ராஸ்நெப்ட்டுக்கும் லூக்காயிலுக்கும் அமெரிக்கா முழுத் தடை விதித்தது 2025 அக்டோபர் 22-ந் தேதி. அதாவது, அடுத்த வீட்டுக்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டுபோய் இரண்டு மாதம் ஆனபின் கடனாளியின் கதவைத் தட்டினார்கள். அந்த வருஷம் முடியும் வரை யுத்தமும் ஓயவில்லை.

திருவிடந்தைக்கு அருகே முட்டுக்காட்டில், உவர்நீரில் இறால் வளர்ப்பதை ஆராய மத்திய சர்க்கார் ஒரு பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறது. அத்தகைய ஆராய்ச்சியை நம்பித் தமிழ்நாட்டுக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் குளம் வெட்டி, கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர் அநேகர். இந்திய இறாலுக்கு அமெரிக்காவே தலையாய வாடிக்கைக்காரன். குளத்தில் வளர்ந்த இறால், உடன்படிக்கை ஆகும் வரை காத்திருக்காது. 1727-ல் கோவளத்து நெசவாளி நின்ற இடத்தில் 2025-ல் இறால் குளத்துக் குடியானவன் நின்றான்.

நம் சர்க்காரையும் கணக்குக் கேட்க வேண்டும். ருஷ்ய எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது அந்த லாபம் எங்கே போயிற்று? 2022 மே மாதம் முதல் 2024 மார்ச் வரை சென்னையில் பெட்ரோல் விலை ஏறத்தாழ அசையாமல் நின்றது. சுத்திகரித்து விற்றவர்களுக்கு லாபம். தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தண்டனை. அயல் தேசம் செய்த அநீதியை நாம் கண்டிக்கும்போது, உள்நாட்டில் லாபத்தை ஒருவருக்கும் நஷ்டத்தை வேறொருவருக்கும் பங்கிட்ட அநீதியைக் காணாமல் இருக்க முடியாது.

செய்ய வேண்டியது யாது?

தடையே கூடாது என்பது நம் கட்சியன்று. 1946 ஜூலையில், தென்னாப்பிரிக்கா நம்மவருக்கு இழைத்த கொடுமைக்காக, அந்நாட்டுடன் வியாபாரத்தை முதன்முதலில் நிறுத்திய தேசம் இந்தியா. அதனால் வந்த நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டு நாற்பது வருஷங்களுக்கு மேல் அந்த விரதத்தைக் காத்தது. அந்நியத் துணியைப் பகிஷ்கரித்தவர்களும் முதலில் தங்கள் சட்டையைத்தான் நெருப்பில் போட்டார்கள். தன் நஷ்டத்தைத் தான் தாங்குபவனுக்கே பிறனை நெருக்கும் தார்மிக உரிமை உண்டு.

ஐக்கிய நாடுகள் சாஸனத்தில் 41-வது விதி தடை விதிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. பலர் கவனிக்காத 50-வது விதி ஒன்றும் இருக்கிறது. பாதுகாப்புக் கவுன்சிலின் நடவடிக்கையால் விசேஷமான பொருளாதாரக் கஷ்டத்துக்கு ஆளாகும் எந்த நாடும் கவுன்சிலிடம் முறையிடலாம் என்பது அது. 1990-ல் ஈராக்கின் மீது தடை விதிக்கப்பட்டபோது இந்தியா, இலங்கை, ஜோர்டன் உள்ளிட்ட 21 நாடுகள் இவ்விதியின்படி முறையிட்டன. பலன் அற்பமே. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரனின் நஷ்டத்தைக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்ற தத்துவம் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஒரே தேசம் தன்னிச்சையாக விதிக்கும் தடைக்கு அந்த இடமும் இல்லை. அதை உண்டாக்கும்படி உலக சபைகளில் இந்தியா விடாமல் கேட்க வேண்டும். உள்நாட்டிலோ, அயல்நாட்டுக் கொள்கையால் லாபம் காணும் தொழில்களிடமிருந்து ஒரு பங்கைப் பெற்று, அதே கொள்கையால் நஷ்டமடையும் தொழில்களின் கூலிக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு நிதி சட்டபூர்வமாக ஏற்பட வேண்டும். இதற்கு அமெரிக்காவின் அனுமதியும் வேண்டியதில்லை, ருஷ்யாவின் அனுமதியும் வேண்டியதில்லை.

யுத்தத்தை நிறுத்துவது புண்ணியமான காரியம். அதற்கு விலை உண்டென்றால் கொடுக்க இத்தேசத்து ஜனங்கள் பின்வாங்கியதில்லை. ஆனால் விலையைக் கொடுப்பவனுக்கு அது எதற்காக என்பதும், எவ்வளவு என்பதும், எதுவரை என்பதும் தெரிய வேண்டும். கோவளத்து நெசவாளியை அன்று யாரும் கேட்கவில்லை. அவனுக்காகக் கேட்க அவனுக்குச் சொந்தமான சர்க்காரும் இருக்கவில்லை. இன்று நமக்குச் சொந்த சர்க்கார் இருக்கிறது. அது இருப்பதன் பயனைத் திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் இருப்பவளும், கடற்கரையில் குளத்தின் முன் நிற்பவனும் உணரும்படி செய்வது அதன் கடமை.